ஒத்த வண்டி ஓனர் கைக்காசு போகாம லோடு பிடிக்கறது எப்படி

நாமக்கல் பக்கம் லாரி ஓனர்னு சொன்னா பத்து வண்டி இருபது வண்டி வச்சிருக்கறவங்கதான் எல்லாருக்கும் ஞாபகம் வருவாங்க. நான் அந்த ரகம் இல்லைங்க. ஒரே ஒரு 12 வீல், நானே ஓனர் நானே டிரைவர், மச்சான் பையன் கூட வர்றான். மொத ஒன்னரை வருஷம் வண்டி நிக்காம ஓடுச்சு, ஆனா டியூ தேதி வந்தா மட்டும் கை நடுங்கும். வீட்டம்மா ஒரு நாள், "மாசத்துல 25 நாள் ரோட்டுல இருக்கீங்களே, அந்தக் காசு எந்த ரோட்டுல இருக்குது"னு கேட்டுட்டா. அன்னிக்கு ராத்திரி பழைய டைரியெல்லாம் எடுத்து வச்சு உக்காந்தப்பதான் எங்க ஓட்டைனு தெரிஞ்சுது. புதுசா வண்டி எடுத்துட்டு போன் பண்ணி கேக்கற தம்பிங்க ஜாஸ்தி ஆகிட்டாங்க, அதான் எழுதிப் போட்டுடறேன். பர்மிட், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), பாஸ்டேக் எல்லாம் இருக்குதுனு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கறேன், அதெல்லாம் சொல்ல ஏஜென்ட் இருக்காங்க.

படி 1: நின்னா எவ்வளவு, ஓடினா எவ்வளவு

ரெண்டே ரெண்டு நம்பர் மனசுல இருந்தா போதும். மொத நம்பர், வண்டி செட்டுல சும்மா நின்னாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னுதுங்கறது. என் கணக்கு: டியூ 55,000, இன்சூரன்ஸ், குவாட்டர் டாக்ஸ், நேஷனல் பர்மிட் (அது மட்டும் வருஷத்துக்கு 16,500), எஃப்சி எல்லாம் சேத்து மாசத்துக்குப் பிரிச்சா 12,500, என் சம்பளம் 30,000. மொத்தம் 97,500, அதாவது ஒரு நாளைக்கு 3,250. சம்பளத்தை எதுக்கு சேக்கணும், நம்ம வண்டிதானேனு நானும் கேட்டவன்தான். சேக்கலைனா லாபம்னு நினைச்சு நம்ம கூலியையே எடுத்து தின்னுக்கிட்டு இருப்போம்.

ரெண்டாவது நம்பர், ஒரு கிலோமீட்டர் ஓட்ட எவ்வளவு. லோடோட நாலு கிலோமீட்டர் மைலேஜ்னா டீசல் 23 ரூபா, டோல் சராசரியா 7, டயர் தேய்மானம் 3, ஆயில் கிரீஸ் பட்டறை 2. மொத்தம் 35. எம்டியா (லோடு இல்லாம காலியா) போனா மைலேஜ் அஞ்சரை வரும், அப்பவும் 29 ஆகும். எம்டில போனா செலவு பாதினு நிறைய பேர் நினைக்கறாங்க, டோல்காரன் வண்டி காலியா இருக்குதுனு குறைச்சா எடுக்கறான்? இதெல்லாம் என் வண்டி, என் ரூட்டு கணக்கு. உங்க டைரியப் பாத்து உங்க நம்பரைப் போடுங்க.

இதுக்கு எக்செல், ஆப் எதுவும் எனக்கு ஒத்து வரல. கிரீஸ் கையோட போனைத் தொடறதுக்கு டேஷ்போர்டுல ஒரு டைரியும் கயிறு கட்டின பேனாவும் எவ்வளவோ மேல்.

படி 2: ரிட்டர்ன் லோடுல இருந்து தேட ஆரம்பிங்க

நான் தடுக்கி விழுந்த எடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

ஒரு தடவ சேலத்துல ஜவ்வரிசி லோடு, ஜெய்ப்பூர் தாண்டி ஒரு ஊருக்கு, டன்னுக்கு 6,400. 25 டன்னுக்கு 1,60,000 வாடகை. அதே வாரம் நாக்பூருக்கும் ஜவ்வரிசி இருந்துச்சு, அது டன்னுக்கு 3,200தான், 80,000. எதை எடுத்திருப்பேன்னு சொல்லவே வேண்டாம். கிலோமீட்டருக்குப் பாத்தாலும் ராஜஸ்தான் லோடுதான் 70 ரூபா கிட்ட வந்துச்சு, நாக்பூர் 63தான்.

போய் இறக்கியாச்சு. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு என்ன வரும்னு நான் யோசிக்கவே இல்ல. அஞ்சு நாள் ஒரு தாபாவுல படுத்துக் கிடந்தோம், மச்சான் பையன் அந்த ரொட்டியப் பாத்தாலே அழுவான். கடைசில 600 கிலோமீட்டர் எம்டியா இந்தூர் வந்து சோயா புண்ணாக்கு ஏத்தினோம், டன்னுக்கு 3,000. நாமக்கல் வந்து சேர்றப்ப மொத்தம் 19 நாள்.

கணக்கப் பாருங்க. ரெண்டு பக்கமும் வாடகை 2,35,000. லோடோட 3,950 கிலோமீட்டர், எம்டி 600, ஓட்டின செலவு 1,55,650. படி 1ல சொன்ன நின்ன செலவு 19 நாளுக்கு 61,750. கமிஷன், வழிச்செலவு 8,000. மிச்சம் 9,600. நாளைக்கு 500 ரூபா.

நாக்பூர் லோடை அப்புறமா எடுத்து ஓட்டினேன். போறப்ப 80,000, வர்றப்ப அந்தப் பக்கம் இருந்தே சோயா டன்னுக்கு 2,700, அதாவது 67,500. எம்டி வெறும் 60 கிலோமீட்டர். போக வர லோடோட 2,540 கிலோமீட்டர், ஓட்டின செலவு 90,640. பத்தே நாள், நின்ன செலவு 32,500. கமிஷன் 5,000. மிச்சம் 19,360. நாளைக்கு 1,900க்கு மேல. போறப்ப பாதி வாடகை, ஆனா நாள் கணக்குல கிட்டத்தட்ட நாலு மடங்கு மிச்சம்! (இது அன்னிக்கு ரேட்டுங்க, இப்ப மாறியிருக்கும், கணக்கு போடற விதத்த மட்டும் எடுத்துக்குங்க.)

அதனால இப்பல்லாம் யாராவது "லோடு இருக்குதுங்ணா"னு போன் பண்ணினா ரேட்டுக்கு முன்னாடி எந்த ஊருனு கேப்பேன். ஊரு தெரிஞ்சதும், அங்கிருந்து நம்ம பக்கம் என்ன சரக்கு எப்பவுமே வருதுனு யோசிப்பேன். நம்ம நாமக்கல்லுக்கு ஒரு கொடுப்பினை இருக்குது, கோழிப்பண்ணை. இத்தனை கோழிக்கும் தீவனம் வெளியில இருந்துதான் வரணும், மக்காச்சோளம் தாவணகெரே பக்கம் இருந்து, சோயா புண்ணாக்கு மகாராஷ்டிரா, மத்திய பிரதேசத்துல இருந்து. சேலம் ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்குப் போகுது, அங்க விரதம்னாலே ஜவ்வரிசி கிச்சடிதான், அதுலயும் நவராத்திரிக்கு முன்னாடி சரக்கு நல்லா நகரும். நாசிக் பக்கம் போனா வெங்காயம், குஜராத் மோர்பி போனா டைல்ஸ். இப்படி போற சரக்கும் வர்ற சரக்கும் ஜோடியா இருக்கற ரூட்டு ரெண்டு, மூணு பிடிச்சுக்குங்க, அதுலயே திரும்பத் திரும்ப ஓட்டுங்க, புது ஊரு பாக்கற ஆசைய டூர் போறப்ப வச்சுக்கலாம். ஒரே ரூட்டுல ஓட்டினா எந்த மில்லுல இறக்க ரெண்டு நாள் ஆகும்னு கூட தெரிஞ்சுடும்.

இன்னொன்னு, இங்க லோடு ஏத்தறப்பவே அந்த ஊருல லோடு பிடிச்சுக் கொடுக்கற புக்கிங் ஆபீசுக்கு போன் போட்டு "வியாழக்கிழமை காலி ஆவேன், 12 வீல், நாமக்கல், சேலம், ஈரோடு எதுனாலும் சரி"னு சொல்லிடுங்க. இறக்கிட்டுத் தேடினா ரேட்டு அவங்க சொல்றதுதான். காலி வண்டி நிக்கறது தெரிஞ்சா எவன் சார் ரேட்டை ஏத்திக் கொடுப்பான்.

படி 3: எங்க தேடறது

புக்கிங் ஆபீசு, புரோக்கர் வாட்ஸ்அப் குரூப்பு, பிளாக்பக், வாஹக் மாதிரி லோடு ஆப்பு, நேரா பார்ட்டி (சரக்குக்காரங்க). என் பழக்கத்த சொல்றேன், ஆப்புல ரேட்டு பாப்பேன், லோடு தெரிஞ்ச ஆளுகிட்ட எடுப்பேன். ஆப்புலயே நல்லா ஓட்டறவங்களும் இருக்காங்க, வேண்டாம்னு சொல்லல, எனக்கு பாலன்ஸ் (மீதி வாடகை) வரலைனா போய் உக்கார ஒரு ஆபீசும் ஒரு டீக்கடையும் வேணும், அவ்வளவுதான். நேரா பார்ட்டி பிடிச்சா கமிஷன் மிச்சம், ஆனா பெரும்பாலும் மாசக்கணக்குல கடன் நிக்கும், ஒத்த வண்டிக்காரன் அதைத் தாங்க மாட்டான். ரெண்டு வருஷம் ஆனப்புறம் பாத்துக்கலாம்.

படி 4: ஆள் யாருன்னு பாருங்க

"லோடு ரெடி, கன்ஃபர்ம் பண்ண 2,000 ஜிபே பண்ணுங்க"னு கேட்டா அந்த நிமிஷமே போனை வச்சுடுங்க. லோடு கொடுக்கறவன்தான் நமக்கு அட்வான்ஸ் தரணும், நாம எதுக்குத் தரணும்? புது ஆளுன்னா ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் இல்லாமலே நம்பரைப் போட்டா கம்பெனி பேரு, நம்பர் உயிரோட இருக்குதா கேன்சல் ஆயிடுச்சானு காட்டும். ஒரு நிமிஷ வேலை. நான் ஒரு தடவ செய்யாம விட்டு 18,000 பாலன்ஸ் போச்சு, அந்த ஆளு நம்பர் இன்னிக்கு வரைக்கும் ஸ்விட்ச் ஆஃப்.

படி 5: வாயால பேசினத வாட்ஸ்அப்புல வாங்குங்க

நம்ம பக்கம் பொதுவா ஏத்தினதும் 80, 90 சதவீதம் அட்வான்ஸ், மீதி இறக்கி சீல் வச்ச எல்ஆர் (லோடு ரசீது) கொடுத்தப்புறம். சண்டை வர்றது எப்பவும் அந்த மீதிலதான். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே மெசேஜுல இதெல்லாம் போட்டு "ஓகே"னு பதில் வாங்கிடுங்க: டன் ரேட்டு, அட்வான்ஸ், பாலன்ஸ் எத்தனை நாள்ல, ஏத்து கூலி இறக்கு கூலி யாரோடது, எத்தனை மணி நேரத்துக்கு மேல நின்னா ஹால்டிங் (காத்திருந்ததுக்குக் காசு) எவ்வளவு, எடை குறைஞ்சா யாரு பொறுப்பு. வெங்காயம் மாதிரி சரக்கு வழியிலயே காய்ஞ்சு எடை இறங்கும், அதுக்கு நம்ம பாலன்ஸ்ல கை வைப்பாங்க. எம்டி எடை, லோடு எடை ரெண்டு எடைமேடை சீட்டையும் போட்டோ எடுத்து வைங்க.

அப்புறம் "இன்னும் மூணு டன் போட்டுக்கலாம்ணா, எல்லாரும் போடறாங்க"னு சொல்லுவாங்க. ஓவர்லோடுக்கு சட்டத்துல இருக்கற அபராதம் 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூணு டன்னுக்கு 26,000, அதோட ஜாஸ்தியா இருக்கற சரக்கை அங்கயே இறக்கச் சொல்லுவாங்க. அந்த மூணு டன்னுல வர்ற வாடகை பத்தாயிரம் கூட தேறாது.

படி 6: இ-வே பில்

சரக்கு கொண்டு போறதுக்கு ஜிஎஸ்டில எடுக்கற பில்லு இது. சரக்கு மதிப்பு 50,000க்கு மேல, ஸ்டேட் தாண்டிப் போகுதுன்னா பெரும்பாலான சரக்குக்கு வேணும். பில்லுல நம்ம வண்டி நம்பர் சரியா இருக்குதானு எழுத்து எழுத்தா பாருங்க, ஒரு எழுத்து தப்பா இருந்து கிருஷ்ணகிரி பக்கம் நாலு மணி நேரம் நின்னேன். பில்லு செல்லறது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, நாக்பூருக்கு 1,270 கிலோமீட்டர்னா 7 நாள். தாராளமா இருக்கற மாதிரி தெரியும், ஆக்சில் போச்சுனா பட்டறையிலயே மூணு நாள் ஓடிடும். முடியற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாடில இருந்து 8 மணி நேரம் பின்னாடி வரைக்கும்தான் நீட்டிக்க முடியும். அதனால முடியற தேதி, நேரத்த போன்ல அலாரமா வச்சுடுங்க, வண்டி படுத்துச்சுனா மொத போன் மெக்கானிக்குக்கு, ரெண்டாவது போன் புக்கிங் ஆபீசுக்கு.

படி 7: டீசல் எங்க போடறது

சின்ன விஷயம்தான். சேலத்துல ஏறினா நாக்பூர் வரைக்கும் ஒரே 44ம் நம்பர் ரோடு, தமிழ்நாட்டத் தாண்டி வழியில நாலு ஸ்டேட்டு டீசல் விலை. ஆந்திரா, தெலங்கானால ஜாஸ்தி, கர்நாடகால கம்மி. நான் கர்நாடகா பார்டர்ல இருக்கற பாகேபள்ளி தாண்டறதுக்குள்ள டேங்கை ரொப்பிடுவேன், வர்றப்ப மகாராஷ்டிரா பார்டர் தாண்டறதுக்கு முன்னாடி. லிட்டருக்கு நாலஞ்சு ரூபா, 300 லிட்டருக்கு எவ்வளவுனு நீங்களே போட்டுக்குங்க.

எழுதினதுக்கு அப்புறம் சேத்தது:

திருச்செங்கோடு தம்பி ஒருத்தர், "அண்ணா எனக்கு டியூவே இல்ல, வண்டிய காசு கொடுத்து வாங்கினேன், அப்ப நின்ன செலவு கம்மிதானே"னு கேட்டாரு. கையில கம்மிதான், ஆனா அந்த வண்டி ஏழெட்டு வருஷத்துல பழசாகும், அடுத்த வண்டிக்கு காசு எங்க இருந்து வரும்? மாசம் 25,000ஆவது டியூ மாதிரி எடுத்து வச்சு கணக்குல சேத்துக்குங்க தம்பி.

இன்னொருத்தருக்கு புக்கிங் ஆபீசுல டிடிஎஸ் (வாடகை கொடுக்கறப்பவே பிடிக்கற வருமான வரி) பிடிச்சுட்டாங்களாம். பத்து வண்டிக்கு மேல இல்லாதவங்க பான் நம்பர் போட்டு ஒரு டிக்ளரேஷன் கையெழுத்து போட்டுக் கொடுத்தா பிடிக்க வேண்டியதில்ல. நாப்பது காப்பி ஜெராக்ஸ் எடுத்து கேபின்ல வச்சிருக்கேன், புது ஆபீசு போனா மொத வேலையா ஒன்னைக் கொடுத்துடுவேன். ஏற்கனவே பிடிச்சது போயிடல, ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா திரும்ப வாங்கிக்கலாம், ஆடிட்டர்கிட்ட 26ஏஎஸ் (நம்ம பேருல பிடிச்ச வரியைக் காட்டற ஸ்டேட்மென்ட்) எடுத்துப் பாக்கச் சொல்லுங்க.

10 வீலுக்கும் இதே கணக்கானு மூணு பேரு கேட்டுட்டாங்க. விதம் அதேதான், ஆனா பாஸிங் டன் (சட்டப்படி ஏத்தக்கூடிய எடை) குறையறதால வாடகை குறையும், டோலும் டீசலும் அந்த அளவுக்குக் குறையாது. எம்டி கிலோமீட்டர் உங்கள எங்கள விட ஜாஸ்தியா கடிக்கும். 10 வீல் ஓட்டற பங்காளி ஒருத்தன் டைரி கேட்டிருக்கேன், அவன் வெங்காய லோடுல நாசிக் போயிருக்கான், வந்ததும் அவன் நம்பரை இங்கயே போடறேன்.