மிஸ்ஃபயரா? காயில் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கார் எஞ்சின் உதறுகிறது என்றதும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுத்துப் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் மொத்தமாக ஆர்டர் போட்டுவிடாதீர்கள். காரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்றுதான் அர்த்தம், காயில்தான் காரணம் என்று இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று வந்தால் சரி, காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் பிளக், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

புதுசு வாங்கும்போது பழைய காயிலில் இருக்கும் பார்ட் நம்பரை வைத்தே தேடுங்கள், ஒரே மாடல் காரிலும் எஞ்சினைப் பொறுத்து கனெக்டர் மாறலாம். பேர் தெரியாத மலிவுச் சரக்கை நான் தொடவே மாட்டேன். அப்புறம், பிளக் குழியில் எண்ணெய் நின்றால் முதலில் எண்ணெய் அங்கே கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றுங்கள், தேய்ந்த பிளக்கையும்தான்; இல்லாவிட்டால் புதுக் காயிலும் சீக்கிரம் போய்விடும்.