த்ராட்டில் சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் நடக்கும் தவறுகள்

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலையில், அக்கா வீட்டுக்காரர் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "மாப்ள, சென்சார் புதுசு போட்டாச்சு, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணியாச்சு. ரெண்டு நாள்தான். மறுபடியும் லைட் எரியுது." ஏழெட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் வண்டி, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கேபிள் இழுத்து, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள தட்டை, அதாவது த்ராட்டிலை, திறக்கும் வகை. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் த்ராட்டில் சென்சார். மேம்பாலம் ஏறும்போது ஜெர்க் அடிக்கும். சிக்னலில் நின்றால் சில சமயம் ஐடில், அதாவது காலை எடுத்த பிறகும் இன்ஜின் சுற்றும் வேகம், ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0123 என்ற கோட் எண்.

ஸ்கேனர் காட்டியது சரிதான். அதைப் படித்த விதத்தில்தான் தவறு.

இந்தப் பழுதில் காசு வீணாவதற்கு முதல் காரணம், கோட் எண்ணை ஒரு பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது. பி0120 என்றால் த்ராட்டில் சென்சார் சுற்றில் ஏதோ கோளாறு. பி0121 என்றால் வோல்ட் வருகிறது, ஆனால் மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை. பி0122 என்றால் சிக்னல் வோல்ட் இருக்க வேண்டியதற்குக் கீழே, பி0123 என்றால் அதற்கு மேலே, பி0124 என்றால் விட்டுவிட்டு வருகிறது. இந்த ஐந்தில் எதுவும் "சென்சார் செத்துவிட்டது" என்று சொல்லவில்லை. சுற்று என்றால் அதில் சென்சாரும் உண்டு, வயர்களை அதில் மாட்டும் கப்ளரும் உண்டு, மூன்று வயரும் உண்டு, கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரும் உண்டு.

சென்சாரின் உள்ளே பெரிய ரகசியம் ஏதுமில்லை. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே வேலைதான். கார்பன் பூசிய ஒரு தடம், அதன்மேல் வழுக்கிப் போகும் ஒரு சின்ன உலோக விரல். ஒரு முனைக்கு 5 வோல்ட் வருகிறது, மறுமுனை எர்த், விரலிலிருந்து சிக்னல் போகிறது. காலை எடுத்திருக்கும்போது சிக்னல் ஏறக்குறைய 0.5 வோல்ட், முழுக்க அழுத்தினால் 4 முதல் 4.5 வோல்ட் வரை. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த தவறு தானாகவே பிடிபடும். வயர் அறுந்தால் எப்போதும் சிக்னல் பூஜ்யமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 5 வோல்ட் வயர் அறுந்தால் அப்படித்தான் ஆகும், பி0122 வரும். ஆனால் எர்த் வயர் அறுந்தால் நேர்மாறு. மின்சாரம் இறங்கிப் போக வழி இல்லாததால் தடம் முழுக்க 5 வோல்ட் நிற்கும், சிக்னலும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பி0123. எர்த்தைச் சோதிக்காமல் பி0123 வந்த வண்டிக்குப் புது சென்சார் போடுவது இருட்டில் தேடுவது மாதிரி.

மாமாவின் வண்டியில் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல் பார்த்தேன். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, கப்ளரின் பின்பக்கமாக ஒரு மெல்லிய குண்டூசியை எர்த் வயரோடு நுழைத்து, சிவப்பு முனையை அதில் தொட்டேன். கப்ளர் சென்சாரில் மாட்டியபடியே இருக்க வேண்டும்; கழற்றிவிட்டுப் பார்த்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. 0.03 வோல்ட். நல்ல எர்த் 0.05க்குள் இருக்கும், ஆகவே சரி. அப்படியே விட்டிருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். வயரிங்கைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே பேட்டரி தட்டு வரை போனேன். தட்டுக்குக் கீழே ஒரு வளைவைத் தொட்டதும் மீட்டர் 4.96க்குத் தாவியது. எர்த் வயரில் 5 வோல்ட். கறுப்பு டேப்பைப் பிரித்தால் எலி கடித்த தடம், நாலைந்து செம்பு இழைகள் மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றன, அதிலும் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது.

வயரை அசைக்காமல் அளந்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று மூடிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வண்டி ஓடும்போது அதிரும், சூடாகும், மழையில் நனையும். பழுது அப்போதுதான் வரும். நின்ற வண்டியில் ஒரு முறை அளந்த எண் அந்த ஒரு நொடிக்கு மட்டுமே சாட்சி.

அளக்கும் முறையிலேயே புதுப் பழுதை உண்டாக்குபவர்களும் உண்டு. மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணித்தால் அது விரிந்துவிடும்; பிறகு மாட்டும்போது லூஸ் கான்டாக்ட். வயரின் தோலைக் குத்தி அளந்தால் அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, சில மாதத்தில் உள்ளே களிம்பு ஏறும். பின்பக்கமாக மெல்லிய ஊசி, அதுவும் ரப்பர் சீல் கிழியாமல். இந்தப் பொறுமை அவசியம்.

சென்சாரையே சோதிக்கும்போது இரண்டு முனைகளை மட்டும் பார்ப்பது இன்னொரு பெரிய தவறு. மூடியபோது 0.5, முழுக்கத் திறந்தபோது 4.4, ஆகவே நல்ல சென்சார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஓட்டும்போது நம் கால் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஐடிலுக்குச் சற்று மேலே, முப்பது நாற்பதில் உருண்டு போகும் அந்த இடத்தில்தான் நாள் முழுக்க. கார்பன் தடமும் அந்த இடத்தில்தான் தேயும். எனவே த்ராட்டிலை மிக மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பது போலத் திறக்க வேண்டும். 0.5, 0.6, 0.8, 1.0 என்று வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் அங்கே தடம் போய்விட்டது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். இந்த விழுதலை அது விழுங்கிவிடும். முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் இருந்தால் தூக்கி எறியாதீர்கள், இந்த வேலைக்கு அது தங்கம். இல்லாவிட்டால் மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பதியும் (min-max) வசதியுள்ள மீட்டர், வோல்ட்டைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. திறக்கும்போதே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரின் மேல் லேசாகத் தட்டிப் பார்க்கவும்.

பி0121 தனிக் கதை. த்ராட்டில் இவ்வளவு திறந்திருந்தால் இவ்வளவு காற்று உள்ளே வந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலோ, அதற்குள் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் தவறாகச் சொன்னாலோ கணக்கு இடிக்கும், பழி த்ராட்டில் சென்சார் மேல் விழும். வேக்யூம் ஹோஸ்களைத் தொட்டுப் பார்க்காமல் இந்த எண்ணுக்கு எதையும் மாற்றாதீர்கள்.

அந்த 5 வோல்ட்டும் பல வண்டிகளில் தனிச் சொத்து அல்ல. மேப் சென்சார், ஏசி பிரஷர் சென்சார் என்று இன்னும் சிலவற்றோடு பங்கு போட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் எல்லோருக்கும் வோல்ட் இறங்கும், ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோட் எண்கள் வரும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் முதலில் அழித்துவிடுவதைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்: கோட் வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிந்திருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். போட்டோவாவது எடுத்து வையுங்கள்.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் தவறுகளின் முகம் மாறுகிறது. த்ராட்டில் பாடிக்குள் இரண்டு சென்சார்கள், பெடலிலும் இரண்டு. ஒன்றை ஒன்று சரிபார்ப்பதற்காக இந்த ஏற்பாடு. பி2135 வந்தால் த்ராட்டில் பாடியில் உள்ள இரண்டும் ஒத்துப்போகவில்லை. பி2138 வந்தால் பெடலில் உள்ள இரண்டும் ஒத்துப்போகவில்லை. பின்னதற்கு த்ராட்டில் பாடியை மாற்றி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு, கவனித்துப் படியுங்கள். ஐடிலில் ஸ்கேனர் த்ராட்டில் 15 சதவீதம் திறந்திருப்பதாகக் காட்டினாலும் பதற வேண்டாம். பல வண்டிகளில் முழு வோல்ட் அளவை அப்படியே சதவீதமாக மாற்றிக் காட்டுவதால் அது இயல்பு.

இந்த வண்டிகளில் சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தட்டை விரலால் தள்ளவே கூடாது. அதைத் திறந்து மூடும் மோட்டார் சட்டென்று மூடினால் விரல் நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உடையலாம். கிளீனரை நேராக உள்ளே பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், ஷாஃப்ட் வழியாக இறங்கினால் சென்சாருக்கு ஆகாது. துடைத்தபின் ஐடில் ஏறுகிறது என்று சென்சார் மேல் சந்தேகப்படுகிறார்கள். கரி படிந்த தட்டுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் கற்று வைத்த கணக்கு சுத்தமான தட்டுக்குப் பொருந்தாததால் வருவது அது. கம்ப்யூட்டரை மறுபடி கற்க வைக்கும், அந்த வண்டிக்குரிய ரீலேர்ன் முறையைச் செய்தால் அடங்கும். தட்டு மூடி நிற்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைச் சரிசெய்ய நினைத்தால், மூடிய நிலைக்கான 0.5 வோல்ட்டே நகர்ந்துவிடும். அது தொழிற்சாலையில் வைத்த அளவு, கை வைக்கக் கூடாது.

மாமாவின் வண்டியில் அந்த வயரைக் களிம்பு போகும்வரை வெட்டி, புது வயர் வைத்து சால்டர் செய்து, ஹீட் ஸ்லீவ் போட்டு, நெளிகுழாய்க்குள் விட்டுக் கட்டினோம். மறுபடி எர்த்தை அசைத்து அசைத்து அளந்தேன், 0.02லேயே நின்றது. முன்பு கழற்றிய பழைய சென்சாரை அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தார். அதையும் மீட்டரில் மாட்டி மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். முள் ஒரு இடத்திலும் தடுக்காமல் முனைவரை போய் வந்தது.