'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' நாவலைப் பாதியில் மூடி வைக்காமல் படிக்க

கெவின் குவான் எழுதி 2013இல் வந்த இந்த நாவலை என்னிடம் வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். "யாரு யாருக்குச் சித்தப்பான்னே புரியலக்கா." சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கணக்கு எழுதுகிறவள் நான். பெரிய குடும்பத்து உறவுகளைப் பிரித்துப் பார்ப்பது பழகிய வேலை. அதனால் சொல்கிறேன்.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே யங், ஷாங், சியென் குடும்பங்களின் வம்சாவளிப் படம் இருக்கிறது. அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் நம் முறையில் எழுதிக்கொள்ளுங்கள். நாயகன் நிக். அவனுடைய அப்பாயி ஷாங் சூ யீ, அம்மா எலனர். ஆஸ்ட்ரிட் ஒரு அத்தையின் மகள் (நம் ஊராக இருந்தால் முறைப்பெண் என்று பேச்சு கிளம்பியிருக்கும்). ஹாங்காங் எட்டி இன்னொரு அத்தையின் மகன். இவ்வளவு போதும், மற்றவர்கள் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தின் அடியில் வரும் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர்ப் பேச்சும் சாப்பாடும் பாதி நக்கலும் அங்கேதான். துணிமணி, பை, கார் பெயர்களைத் தாராளமாகத் தாண்டலாம்.

இதைக் காதல் கதையாக மட்டும் படித்தால் எலனர் வெறும் வில்லியாகிவிடுவாள். சொத்துக் கதையாகவும் படியுங்கள். டயர்சால் பார்க் மாளிகை அப்பாயி கையில் இருக்கிறது. அது நிக்குக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நியூயார்க்கில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ரேச்சலுக்கோ காதலன் நிக்கின் வீட்டு வசதி எதுவுமே தெரியாது. நண்பன் கல்யாணத்துக்கு என்று அவளை சிங்கப்பூர் கூட்டிப் போகிறான். எலனர் சும்மா இருப்பாளா? ரேச்சலின் பிறப்பைத் தோண்ட ஷென்சென் வரை போகிறாள். அந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். எங்கள் கடைவீதியில் வரன் வந்தால் பையனைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் வீட்டில் கட்டி வெள்ளி யாரிடம் எடுக்கிறார்கள், சொன்ன தேதிக்குப் பணம் போகிறதா என்று விசாரித்து முடித்திருப்பார்கள். கொலுசை டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்கிற மாதிரிதான், சுரண்டித்தான் பார்ப்பார்கள். எலனர் செய்வதும் அதுவே, கொஞ்சம் செலவு அதிகம்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் தாளில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில், இவருக்கு எது கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் என்று ஒரு வரி எழுதுங்கள். எட்டிக்கு எழுதுவது சுலபம்: மானம். ஆஸ்ட்ரிட்டுக்கு எழுதத்தான் யோசிக்க வேண்டும். அவள் கணவன் மைக்கேல் சாதாரணக் குடும்பத்துப் பையன். மனைவி வீட்டுப் பணம் அவனை உள்ளுக்குள் எப்படிக் குடைகிறது என்பதை ரேச்சல் கதையைவிட நன்றாக குவான் எழுதியிருக்கிறார் என்பேன்.

2018இல் வந்த படத்தை அப்புறம் பாருங்கள். அதில் எல்லோரும் புகழும் மாஜாங் (சீனர்கள் கட்டைகளை வைத்து ஆடும் விளையாட்டு) ஆட்டம் புத்தகத்தில் கிடையாது, தேட வேண்டாம்.

பிடித்துப்போனால் இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது. அப்பாயி சொத்து யாருக்கு என்ற சண்டை 2017இல் வந்த மூன்றாவதில். அதற்காக 2015இல் வந்த இரண்டாவதைத் தாண்டிவிடாதீர்கள், ரேச்சலின் அப்பா வீட்டுச் சங்கதி அதில்தான் வருகிறது.