மாட் ஏபிகே ஏற்றிய போனைச் சுத்தம் செய்வது எப்படி?

என் மொபைல் சர்வீஸ் கடைக்கு வரும் பையன்கள் அடிக்கடி கேட்பது: "அண்ணா, எடிட்டிங் ஆப் பிரீமியம் அன்லாக் பண்ணின ஏபிகே ஏத்தித் தருவீங்களா?" ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு ஆப்பின் ஃபைல். வேறொருவர் உள்ளே மாற்றி வெளியிட்டால் அது மாட் ஏபிகே. அதை ஏற்றித் தர மாட்டேன். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் எடுத்துத் தருவேன். அதை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றிலும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். உள்ளே எதை மாற்றினாலும் அது செல்லாது. அதனால் மாட் செய்பவன் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் வெளியிடுகிறான். பழைய ஆப்பை அழிக்காமல் மாட் ஏறாததற்குக் காரணம் இதுதான். காசு கேட்கும் பூட்டை உடைத்தவன் கூடவே எதைச் சேர்த்தான் என்று வெளியே தெரியாது. ஆனால் அது கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள். வீடியோ வெட்டுகிற ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? மாற்றுத்திறனாளிகள் போனைப் பயன்படுத்த உதவும் ஆக்சஸிபிலிட்டி அனுமதி எதற்கு? ஆக்சஸிபிலிட்டி கிடைத்துவிட்டால் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அமுக்கும். எஸ்எம்எஸ்ஸும் கொடுத்திருந்தால் ஓடிபி அதன் கையில்.

சரி, எடுப்பது எப்படி? முதலில் ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குப் போய் அந்த ஆப்பை ஆஃப் செய்யுங்கள். போனைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்ற ஆப்களின் டிவைஸ் அட்மின் பட்டியலில் இருந்தால் அங்கேயும் நீக்குங்கள். அப்புறம்தான் அன்இன்ஸ்டால். அடம்பிடித்தால், நாம் ஏற்றிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் முயலுங்கள். பிறகு நெட்டைப் போட்டு, பிளே ஸ்டோரில் கெட்ட ஆப்களைத் தேடும் பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஓட்டுங்கள். பலரும் மறப்பது இன்னொன்று: குரோம், டெலிகிராமுக்குக் கொடுத்த, வெளியிலிருந்து ஆப் ஏற்றும் 'அன்நோன் ஆப்ஸ்' அனுமதியையும் மூடுங்கள். கூகுள் பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கல்யாண வீடியோ எடிட் செய்து சம்பாதிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தொழிலுக்காக அல்ல என்றால் நீதிமன்றம் அபராதத்தோடு விடலாம்.

"பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். டெட் டிரிக்கர் என்ற மொபைல் கேம் வெளிவந்தபோது அதன் விலை ஒரு டாலர்கூட இல்லை. அதையும் திருடினார்கள். 2012இல் அதை உருவாக்கிய மேட்ஃபிங்கர் கேம்ஸ், திருட்டைக் காரணம் சொல்லி ஆண்ட்ராய்டில் விலையையே எடுத்துவிட்டது. கேமுக்குள் வாங்கும் பொருட்களை நம்பித்தான் அது ஓட வேண்டியிருந்தது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆப் செய்கிற இடத்தில் இந்த அடி நேராகச் சம்பளத்தில் விழும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

காசு இல்லையென்றால் படத்துக்கு ஸ்னாப்சீட், வீடியோ பார்க்க விஎல்சி, இரண்டும் இலவசம். எஃப்-டிராய்ட் என்ற ஆப் தளத்தில் இலவச ஆப்கள் ஏராளம். காசு கொடுத்து வாங்கியது பிடிக்கவில்லையா, 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் ரீஃபண்ட் கேளுங்கள். ஒரு வேலைக்கு மட்டும் பிரீமியம் வேண்டுமென்றால் ஒரு மாதச் சந்தா போட்டு உடனே கேன்சல் செய்துவிடுங்கள். பொதுவாக அந்த மாதம் முடியும்வரை ஓடும்.