கடைத்தெருவில் சிகரெட் துண்டுகளைக் குறைப்பது எப்படி? தியாகராய நகரை முன்வைத்து

பாண்டி பஜார் நடைபாதையில் காலை நேரத்தில் சிறிது நின்று கவனித்தால் ஒரு காட்சியைக் காணலாம். பெருக்கிக்கொண்டே வரும் தூய்மைப் பணியாளர் குனிந்து, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இரண்டு தளக்கற்களுக்கு இடையே செருகிக் கிடக்கும் சிகரெட் துண்டை நெம்பி எடுப்பார். காகிதமும் இலையும் துடைப்பத்துக்கு வந்துவிடுகின்றன, துண்டு வருவதில்லை. அவர் எடுக்காமல் விட்டது அடுத்த மழையில் மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி, மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றைச் சேர்கிறது. பஞ்சு என்று நாம் சொல்லும் அந்த வடிகட்டி உண்மையில் பஞ்சு அல்ல. செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழி. புகைத்து எறிந்த ஒரு துண்டை ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்தால், அதில் விடப்படும் சிறு மீன்களில் ஏறத்தாழ பாதி நான்கு நாட்களுக்குள் இறந்துவிடும் அளவுக்கு அந்நீர் நஞ்சாவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே வணிகர் சங்கமோ குடியிருப்போர் நலச் சங்கமோ தன் தெருவில் இந்த வேலையைக் கையில் எடுத்தால் அது வெறும் அழகுபடுத்தும் பணியாக இராது.

முதலில் சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2003 ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளும் கடை, உணவகம், திரையரங்கு, அலுவலகம், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் புகைப்பதைத் தடை செய்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் திறந்த சாலையில் நின்று புகைப்பவரை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. எனவே நடைபாதையைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பது இடத்தை ஒழுங்குபடுத்தும் வேலைதான். இதை உணராமல் "புகைபிடிக்காதீர்" என்று தெரு முழுக்கப் பலகை மாட்டிவிட்டு ஓய்ந்துபோன சங்கங்கள் பல. பலகை தேவைப்படும் இடம் கடையின் நுழைவாயில்: வெள்ளைப் பின்னணியில் குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில், புகார் பெறுபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்டதாக அது இருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என மூன்று நாட்கள், மாலைக் கூட்டம் தொடங்குமுன்னும் கடைகள் அடைக்கும் நேரத்திலும், இருவர் தெருவை நடந்து துண்டுகளை எண்ணித் தெருவின் வரைபடத்தில் குறிக்க வேண்டும். துண்டுகள் தெரு முழுவதும் பரவிக் கிடப்பதில்லை, திட்டுத்திட்டாகவே கிடக்கின்றன. பெட்டிக்கடை ஓரம், டீக்கடை முன்பு, ஜவுளிக்கடையின் பின்சந்து, இருசக்கர வாகனங்கள் நிற்கும் இடம், ஆட்டோ நிறுத்தம், குடும்பத்தார் புடவை எடுத்து வரும்வரை ஆண்கள் காத்து நிற்கும் படிக்கட்டு ஆகியவையே அந்தத் திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது: நிழல், தேநீர், சாய்ந்துகொள்ள ஒரு சுவர், அல்லது முதலாளியின் கண்ணில் படாத ஒரு மூலை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் துண்டு போடுவதற்கான தொட்டியை வைப்பது வீண்செலவு.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடையின் வாசலிலோ பேருந்து நிறுத்தத்துக்குள்ளோ வைத்தால், புகை உள்ளே செல்வதோடு சட்டமும் மீறப்படுகிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி போன்ற எதையும் வைக்கக்கூடாது என்று அதே விதிகள் கூறுகின்றன. வாசலிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி, காற்று கடைக்குள் வீசாத பக்கத்தில், ஆனால் மக்கள் ஏற்கெனவே நின்று பழகிய திட்டுக்கு மிக அருகில் வைக்க வேண்டும். கையில் கங்குடன் இருப்பவர் நாலைந்து எட்டுக்கு மேல் தொட்டியைத் தேடிப் போவதில்லை. தொட்டி இரும்பு அல்லது எவர்சில்வரால் ஆனதாக, மூன்றடி உயரத்தில், உள்ளே மணல் நிரப்பியதாக, மழை புகாத கூரையுடன் இருக்கட்டும். வாய் அகலமாக இருந்தால் மாலைக்குள் டீக்கப்பும் சோளக்கதிர்த் தண்டும் நிரம்பிவிடும்; இரண்டு விரல் நுழையும் துளை போதும். மணலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தண்ணீர் நிகோடின் கரைந்த கறுப்புச் சாறாகி, கடைசியில் யாராவது அதை வடிகாலில்தான் கொட்டுவார்கள். பீடிக்கு வடிகட்டி இல்லாததால் நெகிழிக் கழிவு இல்லை என்றாலும், அதன் கங்கு குப்பையைப் பற்றவைக்கப் போதுமானது. அதுவும் இதே மணலுக்குள் போகட்டும்.

பெட்டிக்கடைக்காரரை எதிரியாக்கிக்கொள்ளாமல் இருப்பது இந்த வேலையில் பாதி. அவர் கடை ஓரத்தில் கங்கு பிடித்துத் தொங்கும் கயிற்றில் பற்றவைக்கும் ஒவ்வொருவரும் அங்கேயேதான் ஐந்து நிமிடம் நிற்கிறார்கள். அந்தக் கயிற்றுக்கு எதிரே தொட்டியை வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தால், "அண்ணே, துண்ட இதுல போடுங்க" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை நம் பலகைகளை விட வலுவானது. அவர் தரப்பில் சரிபார்க்க வேண்டியவையும் உண்டு: பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு விற்கக்கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையே கூடாது. பள்ளியின் அருகே கடை இருந்தால் அங்கே தொட்டி வைப்பதைப் பற்றிப் பேசாமல், முதலில் இந்த விதியைப் பற்றிப் பேசுங்கள்.

கடை ஊழியர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களும் காவலாளிகளும் பின்சந்தில் ஒதுங்குவதைக் குற்றமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கென்று ஓர் இடத்தை முதலாளி தெளிவாகக் காட்டி, இடைவேளையையும் முறைப்படுத்தினால், பின்சந்துத் திட்டு தானாகவே ஓரிடத்தில் அடங்கும். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் 2019 ஜனவரி 1 முதல் புகையற்ற பகுதியானபோதும் இதுவே முறையாக இருந்தது. 2018 ஜூலையில் வரவிருந்த தடையை, கட்டட உரிமையாளர்கள் புகைப்பதற்கான இடங்களை அமைத்து முடிக்கும் பொருட்டே ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். நமக்கு அந்த அதிகாரமோ அபராதமோ இல்லை. ஆனால் முதலில் இடம், பிறகு கட்டுப்பாடு என்ற வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டியைத் தினமும், இரவில் அல்லாமல் காலையில் காலி செய்ய வேண்டும். இரவு முழுதும் ஆறினால்தான் கங்கு எதுவும் மிஞ்சாது. மணலைச் சல்லடையில் சலித்துத் துண்டுகளை மட்டும் தனி உறையில் கட்டி, மக்காத குப்பையுடன் கொடுங்கள். ஈரக்குப்பையில் கலந்தால் அது உரம் தயாரிக்கும் இடத்துக்குப் போய், நிக்கோடினும் நெகிழியும் உரத்தில் கலந்துவிடும். இந்த வேலையைச் செய்பவருக்குக் கையுறையும் கூடுதல் ஊதியமும் கொடுக்கச் சங்கத்தின் கணக்கில் முதலிலேயே தொகை ஒதுக்குங்கள். தொட்டி வாங்கக் கிடைக்கும் நன்கொடை, அதைக் காலி செய்யக் கிடைப்பதில்லை. நிரம்பி வழியும் தொட்டியின் காலடியில்தான் மீண்டும் முதல் துண்டு விழுகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், மாநகராட்சி வடிகால்களைத் தூர்வாரும்போது சங்கத்திலிருந்து ஒருவர் உடனிருந்து, எந்தெந்தச் சல்லடை மூடியின் அடியில் துண்டுகள் அடர்ந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளட்டும். தெருவின் மேற்பரப்பில் எண்ணியபோது கண்ணில் படாத திட்டுகள் அங்கே தெரியவரும். தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் தொட்டிகளில் ஒன்றிரண்டை அந்த மூடிகளின் பக்கம் நகர்த்திவிடலாம்.