தண்டையார்பேட்டை டூ கோலாலம்பூர்: முதல் தடவை வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு

போன வருஷம் அம்மாவையும் அத்தையையும் மலேசியா கூட்டிப்போனேன். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். அதிலிருந்து எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், "இன்னா இன்னா எடுத்துனு போவணும்?" என்று நம்ம வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன?

படி 1: பெயர்

நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் படிவமோ 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. அம்மா ரேஷன் கார்டில் மு. செல்வி. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் செல்வி, சர்நேம் முருகன். டிக்கெட் போடுகிற பையன் பழக்கதோஷத்தில் 'எம் செல்வி' என்று தட்டினான். நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். கட்டிய பிறகென்றால் திருத்தத் தனிக் காசு. சில டிக்கெட்டில் திருத்தவே முடியாது, ரத்து செய்துவிட்டுப் புதுசாகத்தான் போட வேண்டும்.

ஆகவே பாஸ்போர்ட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக டிக்கெட் போடுங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா? அந்த இடத்தில் என்ன போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள். துபாய் போகிறவர்கள் இன்னும் கவனம்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா விஷயத்தில் 2022 நவம்பரிலேயே அமீரகம் கெடுபிடி கொண்டுவந்துவிட்டது. புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் இனிஷியலை விரித்து இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. நம்ம பக்கத்திலிருந்து அமைந்தகரை சேவா கேந்திரம் போவது சுலபம்.

பழைய பாஸ்போர்ட் இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன.

படி 2: தேதி

எங்கள் சின்ன மாமா கதை. டிக்கெட்டில் 14, சனிக்கிழமை, 00:10 என்று போட்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, மாலை மரியாதையோடு குடும்பமே வழியனுப்பப் போனது. விமானம் அதற்கு முந்தின ராத்திரியே போய்விட்டது. டிக்கெட் காசு மொத்தமும் போச்சு. 00:10 என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு நீங்கள் மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையை வட்டம் போடுங்கள், சனிக்கிழமையை அல்ல.

படி 3: விசா, வருகை அட்டை

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய்வரலாம். இது காலக்கெடு வைத்த சலுகை என்பதால் டிக்கெட் போடும் அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம்.

மலேசியாவுக்கு விசா இல்லாவிட்டாலும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். சிங்கப்பூர், தாய்லாந்து அட்டைகளும் அப்படியே. கூகுளில் தேடினால் மேலேயே வந்து நின்று காசு கேட்கும் தளங்களை மூடிவிட்டு, அந்த நாட்டு அரசின் தளத்துக்குப் போங்கள்.

படி 4: காசும் போனும்

கொஞ்சம் மலேசிய ரிங்கிட் ரொக்கமாக, மிச்சம் கார்டில். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில் மாற்றி, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் கையில் இருக்கட்டும். விமான நிலையத்தில் மாற்றினால் ரேட் அடிவாங்கும்.

உங்கள் ஏடிஎம் கார்டு வெளிநாட்டில் வேலை செய்ய, வங்கி ஆப்பில் 'சர்வதேசப் பரிவர்த்தனை' பொத்தானைத் திறக்க வேண்டும். அங்கே கடை மெஷின் "ரூபாயா, ரிங்கிட்டா?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ரிங்கிட் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

கிராப் டாக்ஸி ஆப்பை வீட்டிலேயே பதிந்துவிடுங்கள். ஓடிபி நம்ம நம்பருக்குத்தான் வரும், அங்கே போய் சிம்மைக் கழற்றிய பிறகு தவிப்பீர்கள். பயணக் காப்பீடும் இதே கையோடு எடுத்துவிடுங்கள்.

படி 5: பை

மலிவு டிக்கெட்டில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். வீட்டில் தராசு இல்லையா? பழைய பேப்பர் கடை அண்ணனிடம் கொக்கித் தராசு இருக்கும். நான் அதில்தான் மாட்டிப் பார்த்தேன். அத்தை பை 9 கிலோ காட்டியது. காரணம், உள்ளே காசிமேட்டுக் கருவாடு. "நம்ம பொண்ணு அங்க ஆசைப்படுவா, அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது" என்றார். ஆகும். மீன், இறைச்சி, பழம், செடி எல்லாம் மலேசியாவில் அனுமதி கேட்கும் சரக்கு. கருவாடு திரும்ப அலமாரிக்குப் போனது, இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை.

கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமான விதிகளில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே தொடாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் கணக்கு. வீட்டில் அரைத்த கறிமசாலாவில் அது கலந்திருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். வரை வம்பில்லை. தினமும் போடும் மாத்திரையோடு டாக்டர் சீட்டு. ஊறுகாய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டிக்குள்.

அடுத்தவர் பார்சல். பர்மா பஜார் பக்கம் வளர்ந்த நமக்கு 'குருவி' என்றால் யாரென்று சொல்ல வேண்டியதில்லை, கூலிக்கு அடுத்தவர் சரக்கை விமானத்தில் சுமக்கிறவர். "ஒரு சின்ன கவர்தான் தம்பி, அங்க வந்து வாங்கிப்பாங்க" என்று யார் தந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரிக்க விடவில்லை என்றால் வாங்கவே வேண்டாம். போதைப்பொருள் கடத்தலுக்கு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தூக்கு வரைக்கும் சட்டம் இருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

கழுத்துச் சங்கிலிகளை வீட்டில் வையுங்கள். கனமான நகை போட்டுத்தான் போவேன் என்றால், கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இல்லையென்றால் திரும்பும்போது அங்கே வாங்கியதா என்று கேட்பார்கள்.

படி 6: கிளம்பும் நாள்

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீலத் தட மெட்ரோ மாறாமல் போகிறது. பெட்டியோடு ஜி.ஏ. ரோட்டு நெரிசலில் ஆட்டோவில் வேர்க்கத் தேவையில்லை. 3 மணி நேரம் முன்னால் போங்கள். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு இரண்டையும் காகிதமாக வையுங்கள். குடியுரிமை அதிகாரி கேட்பதற்கு மட்டும் பதில். அம்மாவிடம் "எங்க தங்குறீங்க?" என்று கேட்டார்கள். அவர் சொந்தக்காரர் மகள் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

படி 7: இறங்கிய பிறகு

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். முதல் டெர்மினலிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிஷம். பக்கத்திலேயே நம்மவர்கள் கடை நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ், இட்லிக்குப் பஞ்சமில்லை. சார்ஜருக்கு மூன்று சதுரப் பின் வைத்த அடாப்டர் வேண்டும். பத்துமலையில் 272 படி. குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும், பாஸ்போர்ட்டை அதில் வைக்காதீர்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள போலீஸில் புகார், அந்த நகலோடு இந்தியத் தூதரகம். ஊருக்குத் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட் முன்பக்கம், பின்பக்கப் போட்டோவை ஊரிலிருக்கும் ஒருவர் வாட்ஸப்புக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மலேசியாவில் அவசர எண் 999.

திரும்பும்போது மெட்ரோ கார்டைப் பெட்டியின் அடியில் போடாதீர்கள். நாங்கள் விடியற்காலையில் வந்து இறங்கி, 5 மணி முதல் ரயிலுக்காக நின்றபோது அத்தை அதைத் தேடி பாதிப் பெட்டியைப் பிளாட்பார வாசலில் கொட்டினார். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கருவாடு இருந்தது. இரண்டு நாட்டு சுங்கத்தையும் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறது. நீங்கள் அதை முயற்சி பண்ணாதீர்கள்.