டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் செய்யக் கூடாத தவறுகள்

மழைக்காலக் காய்ச்சலில் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டார் கண் போவது பிளேட்லெட் கவுன்ட்டுக்குத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது 40,000 என்று வந்துவிட்டால், 'உடனே பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்' என்று கெஞ்சுவார்கள். பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

பிளேட்லெட், அதாவது தட்டணு, ரத்தக்கசிவை அடைப்பது இப்படித்தான்: ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் அடியிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளிப்படும். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் அதில் ஒட்டி, ஓடுகிற தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும். நின்ற தட்டணு வடிவம் மாறி விரிந்து, திராம்பாக்சேன் போன்ற பொருள்களை வெளியிட்டு மற்றவற்றையும் வரவழைக்கும். ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும். அந்தத் தற்காலிக அடைப்பின் மேல் ஃபைப்ரின் இழை பின்னிய பிறகுதான் ரத்தக்கட்டு உறுதியாகும். ஆக, எத்தனை தட்டணு இருக்கிறது என்பதோடு, இருப்பவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதும் முக்கியம். டெங்குவில் 20,000, 30,000 என்று இறங்கியும் ரத்தக்கசிவே இல்லாமல் தேறுபவர்கள் நிறைய.

அதனால்தான் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எடுப்பது பெரிய தவறு. இவை திராம்பாக்சேன் உருவாவதைத் தடுத்து, மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் முடக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மறுபடி உண்டாக்க முடியாது. அது வாழும் 7 முதல் 10 நாளும் அப்படியே கழியும். பாராசிட்டமால் போதும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். 'ஒரு ஊசி போட்டா சரியாகிடும்' என்று இடுப்பில் ஊசி கேட்பதும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

உடம்பில் எந்தக் கசிவும் இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை, ஆனால் கவுன்ட் திடீரென்று 15,000 என்று வருகிறதா? முதலில் அந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்க்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் சிலருடைய தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். நரம்பில் தடவித் தடவி மெதுவாக ரத்தம் எடுத்தாலும் குழாய்க்குள்ளேயே கட்டிக்கொள்ளும். கருவிக்குக் கொத்தை எண்ணத் தெரியாது. கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தட்டணுக் கொத்துகள் தெரிந்துவிடும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து எண்ணலாம். அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால், வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, காய்ச்சல் விட்டதும் நோய் போய்விட்டது என்று நினைப்பது. டெங்குவில் உயிருக்கு ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்ற திரவப் பகுதி கசிந்து ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது ரிப்போர்ட்டில் பலரும் பார்க்காமல் விடும் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது அவரவர் வழக்கமான அளவைவிட 20 சதவீதம் உயர்ந்தால் கசிவு கடுமையாகிவிட்டது என்று பொருள். அப்போது தேவைப்படுவது அளவறிந்து ஏற்றும் சலைன்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தக்கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை மிகவும் கீழே போனாலோ மருத்துவரே ஏற்றச் சொல்வார். அப்போது ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வருபவர்கள் ஐஸ் பெட்டியிலோ ஃபிரிட்ஜிலோ வைக்கக் கூடாது. தட்டணுவை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், அசைத்துக்கொண்டே வைத்திருப்பார்கள். குளிரில் அது கெட்டுவிடும். வாங்கியதும் நேராக வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பப்பாளி இலைச்சாறு குடித்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, கறுப்பு மலம், ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், கவுன்ட் 1 லட்சமாகவே இருந்தாலும், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.